எம்-புக்கும் கடப்பாரையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உள்ளாட்சியும் பொறியாளரும்" என்று தலைப்புக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் பேசணும் என்று செயலாளர் சொன்னார். உள்ளாட்சி என்றதுமே பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். நியாயந்தான். ஊராட்சியில் நடக்கும் வேலையை யார் சரிபார்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்ற ஒரே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன். அதையும் நான் மாட்டிக்கொண்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படிப்பு முடிந்த புதிதில் ஒரு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்கு சிமென்ட் சாலை போட்டோம். பேரும் ஊரும் வேண்டாம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம். கான்கிரீட் போட்ட இரண்டு நாளும் நான் கீழே கள்ளக்குறிச்சியில் வேறு வேலையாக இருந்தேன். மேஸ்திரி போனில், "முடிஞ்சிடுச்சு சார்" என்றார். நான் அறையில் உட்கார்ந்து 45 கன மீட்டர் என்று பில் எழுதினேன். அது அப்படியே அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், ஏறிவிட்டது.

சில மாதம் கழித்து அங்கே கிராம சபை. சந்தேகம் வந்தால் சொல்ல என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். கணக்கு வாசித்தார்கள். வாசித்தவருக்கே அது புரிந்திருக்குமா என்று தெரியவில்லை; அவ்வளவு வேகம். நடுவில் ஒரு பாட்டி எழுந்து என்னைப் பார்த்து, "கன மீட்டர்னா என்னா தம்பி?" என்று கேட்டார். "நீளம், அகலம், கனம் மூணையும் பெருக்கணும் பாட்டி. இங்க கனம் அரை அடி" என்று நானும் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன்.

"அரை அடியா?" என்றார் பாட்டி. எல்லோரும் சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் ஓடிப்போய் கடப்பாரை கொண்டுவந்தான். சாலை ஓரத்து மண்ணைத் தோண்டினார்கள். டேப் என் பையில்தான் இருந்தது. நானே வைத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் 11 சென்டிமீட்டர்தான்.

தம்பிகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டது 33 கன மீட்டர். 12 கன மீட்டர் கான்கிரீட் மலை ஏறவே இல்லை. கன மீட்டருக்கு ஏழு மூட்டை என்று தோராயமாக வைத்தாலும் 84 மூட்டை சிமென்ட். பாட்டி என்னைத் திட்டவில்லை. "படிச்ச புள்ளதானே, அளந்து பாக்கலியா?" என்று மட்டும் கேட்டார். நான் கனத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் பத்து நாள் காலையில் கிளம்பி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நாளில்தான் கிராம சபைக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. ஊரில் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. கோரமும் உண்டு. மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்கணும். இது போக ஊராட்சிக்குள் பணிகள் குழு, கல்விக் குழு, வளர்ச்சிக் குழு என்றெல்லாம் உண்டு. உங்கள் ஊர்ப் பணிகள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இங்கே கைதூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்பும்? என் கையும் அன்று எழும்பியிருக்காது.

கணக்கை ஊர் நடுவில் வாசிக்கும் பழக்கத்தை நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் ராஜஸ்தான் கூலித் தொழிலாளர்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசிக்க, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்று ஜனங்கள் எழுந்து சொன்னார்கள். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது. அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. 2011இல் வந்த விதிகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அது நடக்கணும் என்றும், தணிக்கைக்கு உதவ வருபவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக்கூடாது என்றும் சொல்லின. இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவர் கிராமத்தை நன்றாக அறிந்தவர். சொந்த ஊரில் மாமன் மச்சான் கணக்கை யார் கேட்பது?

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர மன்றங்களில் கண்காணிப்புக் குழுக்கள் அமைத்தார்கள். ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட அவதியை விசாரித்த 2013 ஃபிரான்சிஸ் அறிக்கை, அந்தப் பகுதிக் கண்காணிப்புக் குழுக்களையும் குறை சொன்னது. குழுக்கள் இருந்தும், உறைக்கிற கேள்வி கேட்கப்படவில்லை.

நம் மலைக்கு வருகிறேன். கல்வராயனில் ஜாகீர்தார் ஆட்சி முடிந்து அரசு நிர்வாகம் முழுதாக வந்தது 1976இல்தான். அதற்குப் பிறகும் கலெக்டரைப் பார்க்க வெள்ளிமலையிலிருந்து விழுப்புரம் வரை போகவேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். புது மாவட்டத்தின் முதல் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை இல்லை, வசதி இல்லை என்பது பேப்பரில் வர அத்தனை சாவு வேண்டியிருந்தது.

பழங்குடிப் பகுதி ஆயிற்றே, அங்கே கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் இருக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படி அதிகாரம் தரும் 1996 சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆக, சமவெளிக்கு உள்ள சட்டந்தான் மலைக்கும். ஆனால் தூரம் வேறு. ஒரே ஊராட்சியில் பல சிற்றூர்கள், நடுவில் காடும் ஓடையும். சபைக்கு வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. அப்படி வந்தவரிடம் "45 கன மீட்டர்" என்று வாசித்தால் அவர் அடுத்த முறை ஏன் வரணும்?

இந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. சில வருஷமாக நானும் இரண்டு நண்பர்களும் கூப்பிடுகிற ஊருக்குப் போய் எம்-புக்கை ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்கிறோம். 600 மீட்டர் பைப் லைன் என்றால், ஒரு பைப் 6 மீட்டர், ஆக 100 பைப். பள்ளம் மூடுவதற்கு முன் பையன்களே எண்ணிவிடுவார்கள். 30,000 லிட்டர் தொட்டி என்றால், குடம் 15 லிட்டர், ஆக 2,000 குடம். 200 வீட்டுக்கு வீட்டுக்குப் பத்துக் குடம். இப்படிச் சொன்னதும், "எங்க தெருவுக்கு மூணு குடந்தானே வருது" என்று உடனே குரல் வரும். பெரும்பாலும் திருட்டு இருக்காது. வால்வு சரியில்லாமல் இருக்கும், அல்லது மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் போதாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஊராட்சித் தலைவருக்கும் சந்தோஷம். எப்போதும் அப்படி இல்லை. ஒரு ஊரில் எங்களுக்கு டீகூடக் கிடைக்கவில்லை.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2(ஜே) பிரிவு, காகித நகல் வாங்க மட்டும் இல்லை; வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். நம் லேபில் கியூப் டெஸ்ட் செய்யத் தெரிந்த எல்லோரும் அந்தப் பிரிவை ஒரு முறை படித்துவிடுங்கள்.

வெளியூரில் நமக்கு ஓட்டு கிடையாது. வாசித்துச் சொல்லிவிட்டு ஓரமாக உட்காரணும், தீர்மானம் அவர்களுடையது. உங்கள் சொந்த ஊரில் நீங்களே உறுப்பினர். டவுன்காரர்களுக்கும் 2022 முதல் பகுதி சபை இருக்கிறது.

அடுத்த கிராம சபைக்கு மலைக்குப் போகிறோம். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் பேர் கொடுங்கள். என்னிடம் இருப்பது 30 மீட்டர் டேப். யாரிடமாவது 50 மீட்டர் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடப்பாரை அவர்களிடமே இருக்கிறது.