பாடப்புத்தகம் தாளிலா, திரையிலா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தளத்தில் சும்மா கிடக்கிற அறையைப் பிள்ளைகள் படிக்கிற அறையாக்குவோம் என்று போன கூட்டத்தில் முடிவெடுத்தோம். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒதுக்கிய பணத்தில் ஆறு டேப்லெட் வாங்குவதா, அலமாரியும் புத்தகமும் வாங்குவதா என்பதில்தான் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் சண்டை ஓடியது. "அவரு வாத்தியாரா இருந்தவருல்லா, அவரைப் பேசச் சொல்லுங்க" என்று என்னை மாட்டிவிட்டார்கள்.

முதலில் மின்னூலுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண் மங்கிய எனக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தருவது அதுதான். பார்வை இல்லாத பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதும் அதுதான். ஜூன் மாதம் கடையில் என்சிஇஆர்டி புத்தகம் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லாப் பாடமும் இலவசமாகக் கிடக்கிறது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில், அச்சில் இல்லாத எத்தனையோ நூல்களை வீட்டில் இருந்தே பார்க்கலாம். இதையெல்லாம் தாளில் தேடிப் போனால் நம் ஆயுள் போதாது.

புத்தகப்பை கனம் என்று சிலர் சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் அதற்குத் தாளிலேயே ஒரு வழி கண்டது நம் மாநிலம்தான். 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது, எட்டாம் வகுப்பு வரை வருடப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பை பாதிக்கும் கீழே இறங்கியது. திரை எதுவும் தேவைப்படவில்லை.

இனி என் கவலைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை அடைத்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் திரும்ப வகுப்புக்குப் போனார்கள். அந்த நாளில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆன்லைன் வகுப்பு இருந்தது. என் பேரனும் பேத்தியும் ஒரே போனுக்கு அடித்துக்கொண்டார்கள். அவன் பிடிஎப்-ஐத் திறந்து ஐந்து நிமிடத்தில் விளையாட்டுக்குப் போய்விடுவான். பள்ளியில் இருந்து வாங்கி வந்த புத்தகத்தைக் கையில் கொடுத்தால், பிடிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்திலேயே கிடப்பான். வேறு எங்கே போக?

இது ஒரு தாத்தாவின் புலம்பல் மட்டும் இல்லை. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள். பாடம், கட்டுரை போலத் தகவல் நிறைந்ததைப் படிக்கும்போது, அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போது, தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். கதை என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர் எதிர். கதைப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பாடத்தைப் போனில் படிக்கச் சொல்கிறோம்.

திரைக்கு முன்னமே மாறிய நாடுகளும் திரும்பிப் பார்க்கின்றன. சுவீடன் 2023-ல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனா ஒதுக்கியது. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூலைக் கொண்டுவந்து, அந்த ஆகஸ்டிலேயே அதைத் துணைப் பொருள் என்று இறக்கிவிட்டது.

இன்னொன்று, புத்தகம் யாருக்குச் சொந்தம் என்பது. நாங்கள் படித்த காலத்தில் மேல் வகுப்பு அண்ணனிடம் பாதி விலைக்குப் பழைய புத்தகம் வாங்குவோம். அவன் கோடு போட்ட வரி பரீட்சையில் வரும் என்று ஒரு நம்பிக்கை! இன்று சில தனியார் பதிப்பகங்களின் மின்பாடத்துக்கு ஒரு குறியீடு தருகிறார்கள். வருடம் முடிந்தால் அதுவும் முடிந்தது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. 2009-ல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை அழித்தது. நம் ஊரில் 2011-ல் சமச்சீர் பாடநூலில் சில பக்கங்களை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். பிள்ளைகள் நகத்தால் சுரண்டிப் படித்தார்கள் என்று கேள்வி. மின்னூலில் சுரண்ட என்ன இருக்கிறது?

கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, ஓகி. பிறகு பல நாள் இருட்டு. அரையாண்டுப் பரீட்சை நேரம் வேறு.

ரிங்கல்தௌபே 1806 வாக்கில் திருவிதாங்கூர் வந்து இந்த மயிலாடியில் தங்கிப் பள்ளி நடத்தியவர். அவருக்குப் பின் வந்த மீட் காலத்தில் நாகர்கோவிலுக்கு அச்சகம் வந்தது. ஓலையையும் மணலையும் விட்டுப் பிள்ளைகள் தாளுக்கு வந்தபோதும் இங்கே இப்படியொரு கூட்டம் கூடியிருந்தால் நான் ஓலைக் கட்சியில் இருந்திருப்பேனோ என்னவோ.

ஆகவே என் யோசனை இது. ஆறு டேப்லெட் வேண்டாம். ஒரே ஒரு கணினியும் பிரிண்டரும் வாங்குவோம். வேண்டிய நான்கு பக்கத்தை அச்செடுத்துப் பிள்ளை மேஜைக்குப் போகட்டும். 2018-ல் இருந்து நம் அரசுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. இருதயம் துடிப்பதைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கணினி போதும். மீதிப் பணம் முழுவதும் அலமாரி, அகராதி, கதைப் புத்தகம், நல்ல விளக்கு.

பாடநூலுக்கு நாம் காசு போட வேண்டாம். பிள்ளைகள் தேறிப்போன வகுப்புகளின் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ச்மேன் அறையில் கொடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம். கோடு போட்டிருந்தால் இன்னும் நல்லது.

அறைக்கு வைஃபை கடவுச்சொல் ஒட்டி வைப்பதா என்று செயலாளர் கேட்டார். எனக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அதைக் கமிட்டி முடிவு செய்யட்டும்.