பூநாரை விழாவும் ஆரணியாறும்

(பெரியபாளையம் மகளிர் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2025 ஜனவரி 18 முதல் 20 வரை, ஆந்திர மாநிலம் சூளூர்ப்பேட்டையில் பூநாரை விழா நடைபெற்றது. நாங்கள் ஒரு நாள் சென்று கண்டுவந்தோம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை பழவேற்காடு ஏரியைக் கடக்கின்றது. ஆழமற்ற அந்நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நின்றன. அவை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரைச் சலித்து, பாசியையும் சிற்றுயிர்களையும் உண்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறத்திற்கும் அவ்வுணவே காரணமாகும். அருகிலுள்ள நேலபட்டு ஏரியில், நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின்மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன.

இவ்வேரி நமக்கு அயலானதன்று. பெரியபாளையத்தின் வழியே ஓடும் ஆரணியாறு அதிலேதான் கலக்கின்றது. நாம் ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பையை வெள்ளம் அங்கேதான் கொண்டு சேர்க்கும். பறவைகள் இரை தேடும் அந்நீரிலேதான் மீனவர் பிடிக்கும் இறாலும் வளர்கின்றது.

பறவையைப் பேணுவதால் வேளாண்மையும் பயன் பெறும் என்பதற்கு, நமது மாநிலத்தின் வேடந்தாங்கலே சான்று. அங்குப் பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. ஆகவே, உழவர்களே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளுக்குக் காவலாக இருந்து வருகின்றனர்.

ஆடி மாதத்தில் பவானி அம்மன் ஆலயத்திற்கு மக்கள் திரளாக வருவதை யாவரும் அறிவீர்கள். அப்போது ஆற்றங்கரையில் சேரும் குப்பையை அன்றன்றே தரம் பிரித்து அகற்றும் பணியை, மகளிர் குழுக்கள் முறைவைத்து ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஐப்பசியில் வெள்ளம் வருமுன் கரை தூய்மையாகிவிட வேண்டும். பின்னர்த் தை மாதத்தில், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நாம் யாவரும் ஏரிக்குச் சென்று வரலாம்.