பழைய பெரிய கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்



பட்டணத்தில் வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், "புதிதாகச் சின்னக் கார் வாங்கும் பணத்தில் பழைய மெர்சிடிசே வாங்கிவிடலாமே!" என்று வீட்டில் பேச்செடுக்கிறார்கள். ஒரு காலத்தில் துரைமார் மட்டுமே ஏறிப்போன வண்டியில் தன் தாயை உட்காரவைத்துப் பார்க்க ஒரு மகன் ஆசைப்படுவதை நாம் குறைசொல்லப் போவதில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

2002 முதல் 2009 வரை உற்பத்தியான மெர்சிடிஸ் 'இ' வகுப்புக் காரை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 211 என்பது அதன் குறியீட்டுப் பெயர். சத்தம் இல்லாத, நெடும்பயணத்தில் களைப்புத் தராத நல்ல வண்டி. ஆனால் வயது ஏற ஏற இறங்குவது காரின் விலை மட்டும்தான். அதற்குள் இருக்கும் பம்பும் கியர்பெட்டியும் இலட்சக்கணக்கான வெள்ளிக்கு விற்ற காருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை மாற்றும்போது பழைய கார் என்று யாரும் நமக்கு விலையைக் குறைத்துத் தருவதில்லை.

முதலில் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்தே வரி போடுகிறார்கள். காரின் வயதைப் பார்ப்பதில்லை. 1,300 சி.சி. சிறிய காருக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. நாம் சொன்ன மெர்சிடிசில் 1,796 சி.சி. கொண்ட இ 200 என்றால் 278 வெள்ளி 40 சென். 2,597 சி.சி. கொண்ட இ 240 என்றால் 1,122 வெள்ளி 50 சென். 2,996 சி.சி. கொண்ட இ 280 என்றால் 2,120 வெள்ளி! நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் அந்த வரிக்குப் போதாது. பெட்ரோல் நிலையத்துக்குப் போகுமுன்பே இந்தச் செலவு.

அடுத்தது பிரேக். 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முன் வந்த கார்களில் எஸ்.பி.சி. என்ற மின்சார பிரேக் முறை உண்டு. எத்தனை முறை வேலை செய்தோம் என்று அந்தக் கருவியே எண்ணிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை ஆனதும் எச்சரிக்கை காட்டும். பிறகு கருவியையே மாற்றவேண்டும். மாற்றாமல் ஓட்டிக் கருவி நின்றுபோனால், பெடலைப் பலமாக மிதிக்கவேண்டும். முன் சக்கரங்கள் மட்டுமே பிடிக்கும். தோட்டத்து மேட்டுச் சாலையில் குடும்பத்தோடு இறங்கும்போது இது விளையாட்டல்ல.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்க் கதவைத் திறந்தாலே இந்தப் பம்பு தானாக இயங்கக்கூடும். முறைப்படி அதை முடக்காமல் பிரேக் பட்டையைக் கழற்றும் போமனின் விரல் நசுங்கிவிடும். அருகிலுள்ள பட்டறையில் நம் மோட்டார் சைக்கிளை அருமையாகப் பார்த்துக்கொடுக்கிறவரிடம் இந்தக் காரை விடுவது, அவருக்கே நாம் செய்யும் தீங்கு. உரிய கணினிக் கருவி வைத்திருக்கும் பட்டறையைத்தான் தேடிப் போகவேண்டும்.

எல்லாப் பழுதும் பெருஞ்செலவில் தொடங்குவதில்லை. கியர்பெட்டியில் மின்கம்பிகள் நுழையும் இடத்தில் ஒரு செருகி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் நாளடைவில் இறுகிப்போகும். எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் கம்பி வழியாகவே மெல்ல ஏறி, கியரை நடத்தும் கணினியைப் போய்ச் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். விலை குறைந்த சிறு பொருளை நேரத்தில் மாற்றியவர் தப்பித்தார். "இன்னும் ஓடுகிறதே" என்று விட்டவர் கணினிக்குப் பணம் எண்ணினார். பழைய பெரிய கார் பெரும்பாலும் இப்படித்தான் கையைக் கடிக்கிறது. முந்திய சொந்தக்காரர் பணமில்லாமல் தள்ளிப்போட்ட வேலைகளையும் சேர்த்தே நாம் வாங்குகிறோம்.

காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர்ந்து ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காமல் கார் ஓட்டியவருக்கே 55 விழுக்காட்டுக் கழிவு கிடைக்கும். அந்தக் கழிவு காரோடு வருவதில்லை. முதன்முதலாகக் கார் வாங்கும் பிள்ளை முழுத் தொகையைக் கட்டவேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால், விபத்தில் நம் காரைப் பழுதுபார்க்க ஒரு சென்னும் வராது.

மகனின் கல்யாணத்துக்காகத்தான் இந்த ஆசை என்றால், அன்று ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துவிடலாம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கார் யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவும் கேட்டபின் வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. வரியைப் பார்த்தால் இ 200 தாங்கும். விலையை முழுவதும் காருக்கே கொடுத்துவிடாமல், கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கு ஒதுக்கி வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. அந்தப் பங்குக்காக ஆலோங்கிடம் போகும் நிலை என்றால், அந்தக் கார் இப்போது நமக்கில்லை. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்று விற்பவர் சொல்வார். சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் சரியாக இருக்கின்றன என்பது போன்றவற்றுக்குத்தான் அது சான்று. கியர்பெட்டியின் ஆயுளுக்கு அல்ல. பராமரிப்புச் சீட்டுகளைக் கேளுங்கள்.

பார்க்கப் போகும் நாளில், "நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இ 200 இயந்திரத்தின் சங்கிலி நாளடைவில் நீண்டுவிடும் இயல்புடையது. குளிர்ந்த இயந்திரத்தை முதலில் கிளப்பும் அந்தச் சில விநாடிகளில் கடகடவென்ற சத்தம் கேட்டால் சங்கிலி தளர்ந்திருக்கலாம். சூடான பிறகு அந்தச் சத்தம் அடங்கிவிடும். நீங்கள் போய்ச் சேரும்போதே இயந்திர மூடி சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.