அலை ஓய்ந்த பின்னரா கடலாடுவது?

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொள்ளைநோய்க் காலத்திலும் எழுத்துப் பணியையும் சிறு திரைப்பட முயற்சிகளையும் கைவிடாது நடத்தியவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். நோய் தணிந்து ஆண்டுகள் சென்றுவிட்டனவே, இன்று அதைப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நோய் தணிந்தது உண்மை. ஆயின், "நிலைமை சீராகட்டும், பிறகு பார்ப்போம்" என்னும் வார்த்தை நம் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. நான் பேச விரும்புவது அந்த வார்த்தையைப் பற்றியே.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2020 மார்ச் 11ஆந் திகதி உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே மாதம் 20ஆந் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. உலகளாவிய அவசரநிலை முடிந்ததென அந்நிறுவனம் அறிவித்தது 2023 மே 5ஆந் திகதியில். இந்த மூன்றாண்டுக்குள் எத்தனையோ நாட்கள் நாடக மேடைகள் இருண்டு கிடந்தன, திரையரங்குகள் பூட்டுண்டன, திருவிழாக்களும் சனக்கூட்டமின்றி நடந்தேறின.

தனித்திருத்தல் தீவாராகிய நமக்குப் புதிதன்று. காற்றுப் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஓடாது. நம்மவர் இருந்த இடத்திலே இருந்து, உள்ளதைக் கொண்டு காரியம் பார்ப்பார்கள். தொற்று நோயாளரை ஊரினின்றும் விலக்கி வைத்தலையும் இக்கடல் முன்னமே அறியும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீருள் நிற்கின்றதே கடற்கோட்டை, அது பிரித்தானியர் காலத்திற் சிறைச்சாலையாகவும் தொற்றுநோய் ஆஸ்பத்திரியாகவும் இருந்தது.

இனி, இத்தகைய காலத்திற் கலைஞன் என் செய்வான்? 1592ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இரண்டாண்டு காலம் பிளேக் நோயினால் இலண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. சேக்ஸ்பியர் என்னும் நாடகக்காரருக்கு மேடை இல்லை. 1593இல் அவர் ஒரு நெடும் பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். மேடை மூடப்பட்டபோதும் எழுதுகோல் மூடப்படவில்லை. அவர் பின்னர் எழுதிய ஹம்லெற் நாடகத்தைத் தழுவி, 1966இல் நமது யாழ்ப்பாணத்தவர் "கடமையின் எல்லை" என்ற படத்தை எடுத்தனர் என்பதும் நினைக்கத்தக்கது.

"எழுத்து ஒருவன் தனித்திருந்து செய்யும் தொழில், திரைப்படமோ பலர் கூடிச் செய்வது, அதை அடைத்த கதவுக்குள் எப்படிச் செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூன்று உதாரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கூடாமலே எடுத்தவர்கள். 2020 மே மாதத்தில் வெளிவந்த "கார்த்திக் டயல் செய்த எண்" என்ற குறும்படத்தில் நடித்த இருவரும் தத்தம் வீட்டில் இருந்தபடியே நடித்தார்கள். படம் பிடித்தது கைத்தொலைபேசி. இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன் தூரத்திலிருந்தே நெறிப்படுத்தினார். அதே ஆண்டு செப்டெம்பரில் மலையாளத்தில் மகேஷ் நாராயணன் "சீ யூ சூன்" என்னும் முழுநீளப் படத்தை வெளியிட்டார். கணினித் திரையிலும் தொலைபேசித் திரையிலும் காண்பது போலவே கதை முழுவதும் நடக்கிறது. அடைபட்டிருந்த மனிதரின் நிலையையே அவர் கதை சொல்லும் முறையாக்கிக் கொண்டார். இவர்கள் பெயர் பெற்றவர்கள், வசதியுள்ளவர்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அவர்கள் கையிலிருந்த கருவியின் இனம் இன்று இந்த மண்டபத்திலுள்ள வாலிபர் பலருடைய சட்டைப்பையிலும் இருக்கின்றது.

இரண்டாவது, அரங்கின்றியே படத்தை உலகுக்குக் காட்டியவர்கள். கோயம்புத்தூர்ப் புடைவைக் கடைச் சிப்பந்தி ஒருவரின் ஒருநாள் வாழ்வைச் சொல்லும் "நசீர்" என்ற படத்தை அருண் கார்த்திக் எடுத்தார். திலீப்குமாரின் சிறுகதையே அதற்கு மூலம். 2020 ஜனவரியில் ஒல்லாந்து தேசத்து றொட்டர்டாம் விழாவிற் காட்டப்பட்ட அப்படத்துக்கு, அதன்பின் உலக அரங்குகள் பலவும் அடைபட்டன. மே மாத இறுதியில் உலகின் பெரிய திரைப்பட விழாக்கள் பல சேர்ந்து, யூரியூப் வழியாகப் பத்து நாள் இலவச விழா ஒன்றை நடத்தின. "நசீர்" அதில் இடம்பெற்றது. ஓர் அரங்கிற் சில நூறுபேர் காணவிருந்த படத்தை, இணையம் எட்டும் எவ்வூரவரும் காண வழி பிறந்தது.

மூன்றாவது, பொறுத்திருந்து முடித்தவர். மதுரைச் சீமையைச் சேர்ந்த பி. எஸ். வினோத்ராஜ் தமது முதற்படமாகிய "கூழாங்கல்"லை, தம் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த துன்பத்தினின்றும் உருவாக்கினார். வெயிலிலே ஒரு தகப்பனும் மகனும் நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். 2021 பெப்ரவரியில், பெரும்பாலும் இணைய வழியாகவே நடந்த றொட்டர்டாம் விழாவில் அதற்கு முதற்பரிசாகிய "டைகர்" விருது கிடைத்தது. தமிழ்ப் படமொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. கோடி கொட்டி எடுத்த படங்கள் அரங்கு திறக்கும் நாளைப் பார்த்துக் காத்துக் கிடக்க, வறண்ட ஊரின் கதை கடல் கடந்தது.

சைவ மக்களாகிய நமக்கு இதன் தத்துவம் புதிதா? திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நினையுங்கள். கோயில் எடுக்க ஆசை, கையிற் பொருளில்லை. ஓடித் தேடியும் கிடைக்கவில்லை. "பொருள் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று அவர் இருந்தாரா? மனத்துள்ளே தச்சரைத் தேடி, நாள் பார்த்து, அடிநிலை இட்டு, சிகரம் அமைத்து, கிணறும் மதிலும் வகுத்து, ஒரு முறையும் தவறாது கட்டி முடித்தார். காஞ்சியிற் கற்கோயில் எடுத்த காடவர் கோமானிடம், குடமுழுக்கை வேறு நாளில் வைக்கும்படி இறைவன் கனவிற் சொன்னார். அந்த நாளில் அவர் புகவிருந்தது பூசலாருடைய கோயில். இக்கதையை வெறுங் கற்பனையின் புகழ்ச்சியாகக் கொள்வது பிழை. பூசலார் சோம்பியிருந்து கனவு காணவில்லை. கல்லிற் செய்யவேண்டிய அத்தனை வேலையையும் மனத்திலே செய்தார். படத்துக்குக் கதையும் காட்சியும் எழுதுதல் அந்த மனக்கோயிலைப் போன்றது. அதைச் செய்யப் பணமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

ஒரு மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. அடுப்பெரியாத வீடுகள் இருந்த காலத்திற் கதையும் படமும் ஒரு கேடா என்று பெரியவர் ஒருவர் கேட்டால், அவர் கேள்வி சரியானதே. முதற் கடன் அரிசிப் பொதி. இரண்டாங் கடன் நோயைப் பரப்பாது வீட்டிலிருத்தல். கலைக்காக ஊரடங்கை மீறுவதைத் துணிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்விரு கடனையும் செய்த பின்னரும் நாளில் நேரம் மிஞ்சிற்று. அந்த நேரத்துக்குரிய கடன் வேறொன்று இருந்தது. அக்கொடுநோய் எங்கும் முதியோரையே முதலில் தேடியது. ஒரு முதியவரோடு ஒரு நூலகமே போகின்றது என்று நாம் மேடைகளிற் சொல்கிறோம். அந்நூலகத்தை அவர் இருக்கும்போது திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இத்தீவுக்கூட்டம் திரைக்குக் கதை தராமலில்லை. நெடுந்தீவைக் களமாகக் கொண்டு செங்கை ஆழியான் எழுதிய "வாடைக்காற்று" நாவல் 1978இற் படமாயிற்று. ஆயினும் அனலைதீவின் கதையை அனலைதீவான் சொல்லவேண்டாமா? புகையிலைக் கன்று நட்ட நாள் முதல் இலை பதப்பட்டு விலைப்படும் நாள் வரை உள்ள பாட்டையும், துலா மிதித்து இறைத்த காலத்தையும், ஐயனார் கோயிற் திருவிழாவுக்குக் கடல் கடந்து வந்து கூடும் உறவுகளையும் அறிந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளிற் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும். இந்த இரண்டு கரைக்கும் நடுவே நிற்கக்கூடியவர்கள் நீங்களே.

ஆதலால் இளைஞர்களே, மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் சென்று, அவர் சம்மதம் பெற்று, அவர் சொல்வதைத் தொலைபேசியிற் பதிந்து, நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு பத்து நிமிடப் படத்தையாவது சங்கத்தின் பெயரால் எடுத்து, இந்த ஆண்டு விழாவிலே ஊரார் முன் காட்டுங்கள். தனித்தனித் திரையிற் பார்க்கப் பழகிவிட்ட நமக்குக் கூடியிருந்து பார்ப்பதும் ஒரு மருந்து. எடுத்ததையும் எழுதியதையும் ஒரே கருவியில் வைத்து இழந்துவிடாது படி எடுத்து வையுங்கள். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் "நூலகம்" போன்ற இடங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

பெரியோர்களே, பிள்ளை தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு உங்கள் முன் வந்தால், "உதவாத வேலை" என்று துரத்தாதீர்கள். பாயை விரித்து உட்காரச் சொல்லுங்கள்.

அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்பது கடற்கரையார் வழக்கு. நோய் போனால் வறுமை, வறுமை போனால் வேறொன்று என அலை வந்துகொண்டே இருக்கும். இருக்கின்ற கடலில் இறங்கி முழுகக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் இவ்விடத்திற் பேச்சாளர் ஒருவர் நிற்பதற்குப் பதிலாக, நீங்கள் எடுத்த படம் ஒன்று ஓடவேண்டும் என்பதே என் ஆசை. ஐயனார் திருவருள் துணை நிற்பதாக.