எண்ணிக்கையும் அளவுகோலும்

எச்.ஐ.வி. கிருமி தொற்றியோரை எந்த நாடும் ஒருவர் விடாது எண்ணுவதில்லை. சிலரைச் சோதித்தே பலரை மதிப்பிடுகிறது. இந்தியாவில் நெடுங்காலம் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்த கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தமே பெரும்பாலும் அளவுகோலாயிருந்தது. அவர்கள் நாட்டு மக்கள் அனைவரின் சாயலாக அமையவில்லை. மதிப்பீடு 50 இலட்சத்தைத் தாண்டிற்று. 2005-06இல் வீடுதோறும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தபோது, 15 முதல் 49 வயதினருள் 1,000 பேரில் மூவருக்கும் குறைவானோரிடமே தொற்று காணப்பட்டது. 2007இல் மதிப்பீடு ஏறத்தாழ 25 இலட்சமாயிற்று. நோயாளர் திடீரெனப் பாதியாகிவிடவில்லை, அளவுகோலே திருந்திற்று.

எனினும், ஊசிவழிப் போதைமருந்து ஏற்றுவோர் போன்ற சிறு கூட்டத்தாரிடையே தொற்றின் விகிதம் பன்மடங்கு மிகுதி. வீட்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் எளிதில் அகப்படார். நாட்டுச் சராசரியோ அவர்களை மறைத்துவிடும். ஆதலின் அவர்களைத் தனியே கணித்தல் வேண்டும். கணக்கில் வராதோரை மருந்தும் சென்றடைவதரிது.