முள் போட்ட கடல்

அறக்கட்டளைச் சொற்பொழிவு
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை



கடல் இல்லாத ஊரில் கடலைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஆனால் இந்த ஊருக்கும் கடலுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆசிரமத்துக்குப் பக்கத்து ஏரிக்கே சமுத்திரம் என்றுதான் பெயர். சாத்தனூர் அணையில் தேங்கி நிற்கும் தென்பெண்ணை, கடலூர் அருகே கடலில் போய்ச் சேர்கிறது. மாசி மகத்துக்கு நம்மைப் போலவே கடல் இல்லாத மயிலத்தின் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது, எதிர்கொண்டு அழைப்பவர்கள் மீனவர்கள்தான்.

இங்கே ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன்குஞ்சு விடுகிறவர் செய்யும் ஒரு காரியத்தைப் பார்த்திருப்பீர்கள். வேலிகாத்தான் கிளைகளை வெட்டித் தண்ணீருக்குள் அங்கங்கே போட்டுவைப்பார். ராத்திரியில் திருட்டு வலை விழுந்தால் முள்ளில் மாட்டிக் கிழியும். அதே கிளையடியில் மீனும் ஒதுங்கும். ஒரே முள்ளுக்கு இரண்டு வேலை. கடலில் கல்லும் சிமெண்டும் இறக்கிச் செய்யும் செயற்கைப் பாரை மீனவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், இந்த முள்ளைத்தான் முதலில் காட்டுவேன்.

பார் என்பது அவர்கள் சொல். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த இடங்களெல்லாம் பார்களே. அரசுக் கோப்புகளில் செயற்கை மீன் உறைவிடம், செயற்கைப் பவளப்பாறை என்று விதவிதமாக எழுதுகிறார்கள். நம் கரையோரக் கடலின் அடி பெரும்பாலும் மணலும் சேறும். எங்கோ ஓரிடத்தில் பாறை தலைதூக்கினால் அங்கே பாசி ஒட்டும், சிப்பி ஒட்டும், சிறு மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். கலவா, விளமீன், பாறை மீன், சீலா, சிங்கி இறால் எல்லாம் பாரை அண்டி வாழ்பவை. கணவாய் முட்டையை ஒட்டவைக்க ஒரு பிடிமானம் தேடி வரும். தூண்டில்காரருக்குப் பார்தான் வயல்.

இந்த வயலுக்கு வரப்பு கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதற்குத் தென்கோடிக் கரையில் கணிச்சம் என்று ஒரு கலை இருக்கிறது. கிரிவலப் பாதையில் எந்த இடத்தில் நின்றாலும், மலை எந்த முகத்தைக் காட்டுகிறது என்று பார்த்தே நிற்கும் இடத்தை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அவர்களும் அதையேதான் கடலில் செய்கிறார்கள். ஒரு மலைமுகட்டையும் அதற்கு முன்னால் தெரியும் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை அப்படியே நேர்படுத்துவார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கயிறு இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் பார்த்தால், அடியில் பார் இருக்கும். காகிதத்தில் எழுதாமல் அப்பன் பிள்ளைக்குக் கண்ணால் காட்டிக்கொடுத்த சொத்து அது. நல்ல பாரின் கணிச்சத்தை அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

இப்படி வாழ்ந்தவர்களின் கடலுக்குள் இழுவை மடி வந்தது. 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் விசைப்படகுக்கு வழி திறந்தது. பிறகு இறால் ஏற்றுமதி வளர, அடிக்கடலை வாரி இழுக்கும் மடிகள் இரண்டு கரையிலும் பெருகின. இழுவை மடி போன இடத்தில் மீன் மட்டும் போவதில்லை. அடியில் ஒட்டி வளர்ந்ததெல்லாம் பெயர்ந்து வருகிறது. கட்டுமரக்காரர் விட்டுவைத்த வலையும் அதோடு போகிறது. 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரர்களும் விசைப்படகினரும் மோதிக்கொண்டதில் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது அது. ஆனால் கோடு காகிதத்தில் இருந்தது, மடி கடலில் இருந்தது.

அந்தக் கோட்டைக் கடலில் போட்டுக் காட்ட மீனவர்கள் தாங்களே கண்ட வழிகளில் ஒன்று செயற்கைப் பார். திருவனந்தபுரம் கரையின் கட்டுமரக்காரர்கள் கல் நிரப்பிய மூட்டைகளையும் தென்னங்குற்றிகளையும் கடலில் இறக்கினார்கள். 1980களில் மீனவர் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் துணை நிற்க, சிமெண்டுக் கிணற்று உறைகளையும் இறக்கிப் பார்த்தார்கள். பொருளியல் அறிஞர் ஜான் குரியன் 1995இல் இந்த முயற்சியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அழிக்கப்பட்ட பொதுச்சொத்தை அதை இழந்தவர்களே கூடி மீட்கும் செயலாக அவர் அதைப் பார்த்தார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. மீன் பெருக வேண்டும் என்ற ஆசை அதில் உண்டு. இழுவை மடி வந்தால் மாட்டிக் கிழியட்டும் என்ற கோபமும் உண்டு. இந்தக் கோபத்தை விட்டுவிட்டு மீனை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு மீனவர் மனம் பிடிபடாது.

இன்று அரசே இதைப் பெரிய அளவில் செய்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக வடிவங்களை உருவாக்கித் தமிழ்நாட்டுக் கரையிலும் இறக்கியிருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 42 மீனவ ஊர்களுக்கு, ஊருக்கு 150 வீதம், 6300 சிமெண்டுக் கட்டுமானங்களை இறக்கும் பணி நடந்தது. ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடை. தோளில் கல் சுமந்து போட்டவர்களின் யோசனை அரசுத் திட்டமாகியிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் எல்லா மீனவரும் ஒரே குரலில் வரவேற்கிறார்கள் என்று சொன்னால் அது பொய். தூண்டில்காரர் வரவேற்பார். அடியில் வலை விடுகிறவரின் வலை பாரில் சிக்கும், அவர் தயங்குவார். கரைவலை இழுப்பவருக்கு இழுக்கும் பாதை தெளிவாக இருக்க வேண்டும். அந்தப் பாதையில் கல் விழுந்தால் அவர் தொழில் அன்றே போயிற்று. விசைப்படகில் கூலிக்குப் போகும் இளைஞனும் அதே குப்பத்துப் பிள்ளைதான். மடி கிழிந்தால் அவன் பங்கிலும் குறையும். மீனவ சமுதாயம் என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்வதற்குள் இத்தனை வயிறுகள் இருக்கின்றன.

இன்னொரு கேள்வி அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடுவது. பார் மீனைப் பெருக்குகிறதா, சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் கூட்டுகிறதா? கூட்ட மட்டும் செய்தால், பிடிப்பது எளிதாகி இருப்பதும் சீக்கிரம் தீரும். இதற்கு நம்மவரிடமே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. குமரி மாவட்ட மீனவர்கள் கர்நாடகக் கடலுக்குப் போய், தென்னம்பாளைகளைக் கட்டி இறக்கிக் கணவாயைக் கூட்டித் தூண்டிலில் பிடித்தார்கள். முட்டையிட வந்த கணவாய் பிடிபட்டது. அந்தக் கரையின் இழுவைப் படகுக்காரர்களோடு பெரிய தகராறும் வந்தது. சொந்தக் கரையில் எதை எதிர்த்துக் கல் போட்டார்களோ, அந்தக் குற்றச்சாட்டை அடுத்த கரையில் அவர்களே கேட்க நேர்ந்தது. மீனவர் பக்கம் நிற்கிற நான் இதை மறைக்கக் கூடாது.

எதை இறக்குகிறோம் என்பதும் சின்ன விஷயமல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டு அவிழ்ந்தது. டயர்கள் அலையில் புரண்டு, பக்கத்தில் உயிரோடிருந்த பவளப்பாறையை அடித்து நொறுக்கின. பல ஆண்டுகள் கழித்து ராணுவ முக்குளிப்போரைக் கொண்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. குப்பையைக் கடலில் தள்ளிவிட்டு அதற்குப் பார் என்று பெயர் வைக்கக் கூடாது. நம் கரையில் பிளாஸ்டிக் சாக்கில் மணல் கட்டி இறக்குபவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

நன்றாக நடந்ததும் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு அலையில் கரைந்து மூழ்கும் நிலைக்கு வந்தபோது, அதைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துளையுள்ள சிமெண்டுக் கட்டுமானங்களை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து மணல் சேர்ந்தது. பவளமும் ஒட்டத் தொடங்கியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு முன்பே மூழ்கிவிட்டன. தீவு போனால் அடுத்த அடி கரைக்கு என்பது அங்குள்ள மீனவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது ஜி.பி.எஸ். கருவிதான். கணிச்சத்தில் காத்த பாரை அந்த ஊர் மட்டும் அறியும். அரசு இறக்கும் பாரின் இருப்பிடம் எண்களாகப் பதிவாகிறது. அந்த எண்களை வைத்துக்கொண்டு எந்தத் துறைமுகத்துப் படகும் வரலாம். கல்லை இறக்கிய ஊருக்கு அந்தப் பாரின்மேல் என்ன உரிமை? யார் எந்தத் தொழிலை அங்கே செய்யலாம், கணவாய் முட்டையிடும் காலத்தில் யார் விலகி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் இன்றும் தொழில் கட்டுப்பாடு விதிக்கின்றன, மீறினால் அபராதம் போடுகின்றன. அந்த அதிகாரத்தைச் சட்டம் மதித்து எழுதிக்கொடுக்காதவரை, செயற்கைப் பார் காவலில்லாத வயலாகத்தான் இருக்கும். ஏரியில் முள் போட்டவருக்குக் குத்தகைச் சீட்டு இருக்கிறது. கடலில் கல் போட்டவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இந்த உரை நூலாக அச்சாகும் என்றார்கள். அப்படியானால் மீன்துறை அதிகாரிகள் கையிலும் ஒரு பிரதி சேரட்டும். அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த முறை கல்லைப் படகில் ஏற்றுவதற்கு முன் தூண்டில்காரர், வலைக்காரர், கரைவலைக்காரர் எல்லாரையும் வைத்து ஊரைக் கூட்டுங்கள். அந்தப் பாரின்மேல் அவர்களுக்குள்ள உரிமையை எழுத்தில் கொடுங்கள். கல் இறக்கப் போகும் அன்று, கணிச்சம் தெரிந்த ஒரு பெரியவரைப் படகின் அணியத்தில் உட்கார வைத்து, அவர் கைகாட்டும் இடத்தில் இறக்குங்கள்.