தொட்டியில் ஓர் எலுமிச்சை



பரிசளிப்பு விழாவில் இந்த வாத்தியார் எலுமிச்சைச் செடியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. தோட்டத்து லயத்தை விட்டு, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் அடுக்குமாடி வீடு தேடிப் போகும் குடும்பங்கள் நம்மில் உண்டு. லயத்துக் கொல்லையில் ஓர் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நின்றன. ஊறுகாய்க்கும் சரி, பத்துமலைக் காவடிக்கும் சரி, கையை நீட்டிப் பறித்தோம். மாடி வீட்டில் ஒவ்வொரு பழத்துக்கும் காசு எண்ணுகிறோம்.

நாங்கள் லயத்தைக் காலி செய்தபோது, அம்மா வைத்த மரத்தடியில் முளைத்திருந்த கன்று ஒன்றைப் பிடுங்கி, பழைய பிஸ்கட் டின்னில் வைத்து எடுத்துப் போனேன். டின்னில் ஓட்டை போடவில்லை. அன்றாடம் தண்ணீர் வேறு ஊற்றினேன். வேர் அழுகி, மூன்றே வாரத்தில் செத்துப்போயிற்று. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகுதான் பதியன் போடக் கற்றேன். மரத்தை வெட்டுவதற்கு முன் திரும்பிப் போனேன். பென்சில் கனமுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, உள்ளே வழவழப்பாக இருப்பதையும் சுரண்டிவிட வேண்டும். ஈரமான தேங்காய் நாரும் மண்ணும் வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். விதைக்கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். பதியன் இரண்டொரு வருடத்திலேயே பூக்கும்.

ஆனால் தாய்மரத்தை முதலில் பாருங்கள். இலையில் நடு நரம்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல் திட்டுத் திட்டாக மஞ்சள் இருந்தால் விட்டுவிடுங்கள். அது பசுமையாக்க நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை; பதியனோடு கூடவே வந்துவிடும். அதைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் வாழும். ஆகவே இரண்டு தொட்டியையும் ஒட்டி வைக்காதீர்கள். (எங்கள் வீட்டில் இதற்கே ஒரு சண்டை நடந்தது!)

மாடத்தில் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். தொட்டி பதினாறு அங்குலம் இருந்தால் நல்லது, அடியில் ஓட்டை கட்டாயம். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. இடம் குறைவாக இருந்தால் லீமாவ் கஸ்தூரி வையுங்கள், அது தொட்டிக்கு ஏற்றது.

மாணவர்களே, இலையில் குருவி எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். சின்னச் செடியை நாலைந்து புழுக்களே மொட்டையடித்துவிடும். மருந்தடிக்காமல் கையால் எடுத்துப் போத்தலில் விட்டு, தினம் இலை போட்டு, என்ன ஆகிறதென்று எழுதி வாருங்கள்.

அம்மாவின் மரம் நின்ற இடம் இப்போது வெறும் மேடு. அதன் கிளை எங்கள் மாடத்தில் நிற்கிறது; இன்று காலை எண்ணினேன், பதினொரு காய்.

வீடு மாறப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்னதாகவே பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். கத்தியும் நாரும் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் வந்து போட்டுத் தருகிறேன்.